மேலே இருக்கிறவர்

மரத்தில் ஏறிய ஆளின் கால் திரும்பத் தரையில் படும்வரை அவர் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது எங்கள் லயத்து வழக்கம். அதனால் பரிபூரணத்தின் புருசனை இந்தக் கதையில் வெகுதூரம் வரைக்கும் 'மேலே இருக்கிறவர்' என்றுதான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பெயர் காதில் விழுந்தால் ஆள் குனிந்து பார்ப்பார், குனிந்தால் தலை சுற்றும், அவ்வளவுதான் காரணம், இதில் சாமி பூதம் எதுவும் இல்லை. ஏறுவதற்கு முன்னால் அவர் வீட்டு ஆள் ஒருவர் அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கையில் கத்தியைக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கயிறு கட்டிய அதே ஆள் அடியில் நின்று, அண்ணன் தம்பி என்று முறையெல்லாம் சேர்க்காமல், வாங்க போங்க இல்லாமல், வெறும் பெயரைச் சொல்லி 'எறங்கு' என்று கூப்பிட வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும், மந்திரியே வந்து கூப்பிட்டாலும், இறங்கக் கூடாது. இறங்கியதும் முதல் வேலையாகக் கயிற்றை அவிழ்த்து, கட்டிய கையிலேயே திருப்பித் தர வேண்டும்.

மேலே இருக்கிறவருக்குத் தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் கண்டியிலேயே தங்கிவிட்டார்கள். ஆகவே கயிறு கட்டுவது பரிபூரணத்தின் வேலையாயிற்று. ஆனால் புருசன் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்? ரேஷன் கடையில் கேட்டாலே பக்கத்தில் நிற்பவளைத்தான் பார்ப்பாள், பக்கத்தில் நிற்பவள்தான் சொல்லுவாள். அதனால் அவள் மரத்தடியில் நின்று, "சோறு ஆறுதுங்க" என்று சத்தம் கொடுப்பாள், அவரும் குரங்குபோல மளமளவென்று இறங்கி வந்துவிடுவார். பசித்தவன் காதுக்கு அதைவிட நல்ல பெயர் கிடையாது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

எங்கள் லயம் கோத்தகிரிக்கு மேலே, கடல் தாண்டி வந்தவர்களுக்கென்று ஒதுக்கிக் கொடுத்த சரிவில் இருக்கிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் வரிசை முழுக்கத் தும்மும். கிழக்கு மேட்டில், எங்கள் கூரைகளுக்கெல்லாம் மேலே, நெட்டையன் நின்றது. அது ஒரு கற்பூர மரம், கீழ்நாட்டில் தைலமரம் என்பார்கள், படித்தவர்கள் யூகலிப்டஸ் என்பார்கள். அந்த மலையில் அதைவிட உயரமான மரத்தை யாரும் பார்த்ததில்லை, அதன் உச்சியை மூடுபனி இல்லாத நாளில்கூட முழுசாகப் பார்க்கக் கழுத்து வலிக்கும். துரத்திக்கொண்டு வருகிறவனுக்குப் பயந்து ஓடுவதைப்போல வளர்கிற ஜாதி அது. குட்டியாக இருக்கும்போது வட்டமாக, வெள்ளிநிறமாக, தண்டோடு ஒட்டிய இலை விடும், பெரிதானதும் அந்த இலையை மறந்துவிட்டு அரிவாள்போல நீண்ட இலையாகத் தொங்கவிடும். வருசத்துக்கு ஒரு தரம் பட்டையை நீள நீளமாக உரித்துப் போடும். அடிமரத்தில் ஒரு ஆணி அடித்தால், மரம் மேகத்தைத் தொட்டாலும் ஆணி அடித்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் வளர்வதெல்லாம் உச்சி மட்டும்தான். உச்சி போகப் போக, கீழே இருக்கிற கிளைகளை அது ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிடும். முதலில் கிளையில் இலை உதிரும், பிறகு ஒரு நாள், காற்று என்பதே இல்லாத வேளையில், யாரிடமும் சொல்லாமல் கிளை விழும். வெட்டினாலும் சாகாது, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

நாங்கள் அந்த ஜாதி மரத்தால்தான் சாப்பிடுகிறோம். உதிர்ந்த இலையைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு போய் மேற்குப் பள்ளத்தில் சூசையண்ணன் வைத்திருக்கும் தைலக் கொட்டகையில் போடுவோம், பெரிய செப்புக் கலத்தில் இலையை வேகவைத்தால் ஆவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து தைலமாகச் சொட்டும். வெந்த சக்கையையும் வீசமாட்டோம், முற்றத்தில் பரப்பிக் காயவைத்து, அடுத்த வேக்காட்டுக்கு அதையே அடுப்பில் போடுவோம். அப்படி, மரம் தன் இலையைத் தானே வேகவைத்துக்கொள்ளும், நாங்கள் நடுவில் நின்று கூலி வாங்குவோம்.

நெட்டையன் மழைக்காலத்தில் கூரைமேல் விழுந்துவிடும் என்ற பயத்தில் அதை ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுத்தது நாங்களேதான். அடியில் வெட்டினால் உச்சி வந்து லயத்தில் இடிக்கும், அதனால் முதலில் மேல்கிளைகளைக் கழிக்க வேண்டும் என்றார் அவர். ஏறப்போன புருசனுக்குப் பரிபூரணம் கயிறு கட்டினாள், கத்தியைக் கொடுத்தாள், வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கினாள். மரத்தின் நிழல் அப்போது அவள் வாசல்வரை நீண்டு கிடந்தது, கிளையில் உட்கார்ந்திருந்த ஆளின் நிழல் சரியாக அவள் முறத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அவளும் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கல் பொறுக்கினாள். பட்டை உரிகிற காலம் அது. அவர் கால் வைத்த இடத்தில் பட்டை உரிந்து வந்துவிட்டது. திடீரென்று அந்த நிழல் அவள் முறத்தைவிட்டுக் கிளம்பி, லயத்துப் பாதை நெடுகக் கிழக்கே ஓடுவதை அவள் பார்த்தாள். ஓடி மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகுதான் சத்தம் கேட்டது.

அந்த அமளியில் யாருக்குத்தான் வழக்கம் ஞாபகம் இருக்கும்? அழுதோம், எடுத்தோம், அடக்கம் செய்தோம். காரியம் முடிந்த மறுநாள் கான்ட்ராக்டர் வேறு ஆள் வைத்து மரத்தை வெட்டி, துண்டு போட்டு, லாரியில் ஏற்றிக் காகித ஆலைக்கு அனுப்பினார். மறுநாள் காலை பரிபூரணம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, வடக்குப் பக்கத்து வீட்டு மரகதம் வந்து நின்றாள்.

"ஏய் பூரணம், ஒன் வாசல்ல நெட்டையன் நெழலு கெடக்கு."

"கெடக்கட்டும். தெனம் கெடக்குறதுதானே."

"மரந்தான் இல்லையேடி!"

பரிபூரணம் மேட்டைப் பார்த்தாள். வெறும் வானம் இருந்தது. "ஆமா, இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்த கை அப்படியே நின்றது. நிழல் கிளையில் ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் தலைத்துண்டைக் கட்டினால் ஒரு முனை எப்போதும் காதுக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், எத்தனை தரம் சொல்லியும் திருந்தாத கட்டு. அந்த முனை படிக்கட்டில் தெளிவாகத் தெரிந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள், மரகதம் சத்தமில்லாமல் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கான்ட்ராக்டருக்குச் சேதி போய், அவர் வந்து அடிக்கட்டையைத் தட்டிக் காட்டி, தான் முழுசாக வெட்டிவிட்டதாகவும், எதையும் மிச்சம் வைக்கவில்லை என்றும் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்துவிட்டுப் போனார். காட்டிலாகாக் காவலர் ஒருவர் வந்தார், கட்டையைச் சுற்றினார், நிழலைச் சுற்றினார், மரத்தைத்தான் வெட்டச் சொன்னோம், நிழலைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லையே என்றார். நிழலில் நின்று தேநீர் குடித்ததில் அவருக்கு ரொம்ப நாளாக அடைத்திருந்த மூக்கு திறந்துகொண்டது. அதற்கப்புறம் ஜலதோசம் பிடிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் ரோந்து வந்தார்.

மனுசனுக்கு எதுதான் பழகாது? முதல் வாரம் நிழலைத் தாண்டிக் குதித்து நடந்தோம், அடுத்த வாரம் மிதித்து நடந்தோம், அதற்கடுத்து அது இல்லாத நாளில்தான் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. சளி பிடித்தவர்களைக் கொண்டுவந்து அதில் உட்காரவைத்தோம். பால் சொசைட்டிக்குக் கொடுக்கும் கேனை வண்டி வரும்வரை அதில் வைத்தோம், பால் திரியாது. காற்றடித்தால் இலை நிழல்கள் உதிர்ந்து பாதையில் ஓடும், கோழிகள் கொத்திப் பார்த்து ஏமாறும். பட்டை உரிகிற காலத்தில் நீளப் பட்டைகளின் நிழல் சத்தமில்லாமல் ஆடும். சூசையண்ணன் வியாபாரி அல்லவா, நிழல் விழுந்த மண்ணைக் கூட்டி அள்ளிச் செப்புக் கலத்தில் போட்டு வேகவைத்தும் பார்த்துவிட்டார். தைலம் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது, ஆனால் அந்தத் தண்ணீரை மோந்தவர்களுக்கெல்லாம் கண் கலங்கியது. அதை விற்கவும் முடியாமல், கொட்டவும் மனசில்லாமல், ஒரு பாட்டிலில் ஊற்றி மாதா படத்துக்குக் கீழே வைத்தார்.

மேலே இருக்கிறவர் பருவத்துக்கு ஒரு வாசலாக மாறிக்கொண்டிருந்தார், ஏனென்றால் சூரியன் நகர்ந்தால் நிழலும் நகரத்தானே வேண்டும். சித்திரையில் நேராகப் பரிபூரணத்தின் படிக்கட்டு. மார்கழியில் வடக்கே தள்ளி மரகதத்தின் வாசல். அவர் அங்கே வந்துவிட்டால் மரகதம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள், வாசலில் நின்று தலை வாரமாட்டாள், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, "ஒங்க வீட்டுக்காரரு எங்க வீட்டுக்கு வந்துட்டாருடி, வந்து கூட்டிட்டுப் போ" என்பாள். பரிபூரணம் ஒரு டம்ளர் தேநீரை எடுத்துக்கொண்டு வந்து மரகதம் வாசலில் உட்காருவாள். ஆனி ஆடி மழையில் வெயிலே இருக்காது, அவரும் இருக்க மாட்டார். அந்த மாதங்களில் அவள் இளைத்துப் போவாள், யாரோடும் பேச மாட்டாள், மழை விட்டு முதல் வெயில் அடிக்கிற காலையில் லயத்தில் எல்லோரும் துணி காயப்போட ஓடும்போது அவள் மட்டும் ஓடாமல் படியில் வந்து உட்காருவாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற தங்கை வந்து கூப்பிட்டபோதும் போகவில்லை. "அவர விட்டுட்டு எங்கே வர?" என்றாள். தங்கைக்கு அது புரியவில்லை, படிக்கட்டைக் காட்டியதும் புரிந்தது. அவளும் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

இப்படியே இருந்திருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் நிழல் வளர்ந்தது. வெட்டப்பட்டது தெரியாத மரம்போல வருசா வருசம் உச்சி நீண்டு, லயத்தைத் தாண்டி, சரிவில் இறங்கி, கடைசியில் சூசையண்ணனின் கொட்டகை முற்றத்தை மூடிக்கொண்டது. பள்ளத்தில் காலை வெயில் மட்டும்தான் விழும், அதுவும் போனதால் வெந்த சக்கை காயவில்லை. ஈரச் சக்கையை அடுப்பில் போட்டால் எரியுமா? புகைதான் வந்தது, கலம் சூடேறவில்லை, விறகு விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. வாரத்தில் பாதி நாள் எங்களுக்கு வேலை இல்லை என்று ஆனது. வேலை இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் லயத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினோம். அப்போதுதான் யாருக்கோ வழக்கம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவரை யாருமே கூப்பிடவில்லையே! கூப்பிடாமல் அவர் எப்படி இறங்குவார், ஆள் மேலே இருக்கும்போது மரம்தான் எப்படிப் போகும்? உடனே மாரியம்மன் திருவிழா மைக் செட்டைக் கொண்டுவந்து கட்டி, ஒவ்வொருவராக அவர் பெயரைச் சொல்லி இறங்கச் சொன்னோம். மலை முழுக்க அவர் பெயர் எதிரொலித்தது. நிழல் அசையவில்லை. எப்படி அசையும், கயிறு கட்டிய கை எங்களுடையது இல்லையே. எல்லோரும் திரும்பிப் பரிபூரணத்தைப் பார்த்தோம்.

சூசையண்ணன் தன்மையாகத்தான் சொன்னார். "தங்கச்சி, நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"புருசன் பேர நா எப்பிடிண்ணே சொல்லுவேன்?"

"அவரு போயி எத்தன வருசம் ஆச்சும்மா."

"எங்க போனாரு? இந்தா ஒக்காந்திருக்காரு."

பெயர் சொல்வது அவளுக்குப் பெரிய காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பழைய வழக்கத்தைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு அதற்கடியில் ஒளிந்திருந்தாள். சொன்னால் இறங்கிவிடுவார், இறங்கினால் போய்விடுவார், அதுதான் விசயம். அதைச் சொல்லிக்காட்ட எங்களில் ஒருத்திக்கும் வாய் வரவில்லை.

சூசையண்ணன் வேறு வழி பார்த்தார். அடிக்கட்டையில் வட்ட வட்டமாக வெள்ளி இலைத் துளிர்கள் வந்திருந்தன, வேர் உயிரோடு இருக்கிறவரைக்கும் நிழலும் இருக்கும், கட்டையை எரித்துவிடலாம் என்று ஒரு நாள் மண்ணெண்ணெய் கேனோடு மேட்டுக்குப் போனார். பரிபூரணம் அவருக்கு முன்னால் போய்க் கட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"எரிங்கண்ணே. அவரு மேல இருக்கையில அடிமரத்துல தீ வைப்பீங்களா? வையுங்க, நானும் இருக்கேன்."

சூசையண்ணன் கேனைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். நல்ல மனுசன், ஆனால் கொட்டகையை நம்பி எங்களைப்போல எத்தனை அடுப்பு எரிகிறது என்ற கவலை அவருக்கு. "வர்ற சித்திர வரைக்கும் பாக்குறேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கு அவளோடு பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. என் வீட்டு அடுப்பும் எரியத்தானே வேண்டும்.

மழை வந்தது, போனது. மார்கழிப் பனி வந்தது, போனது. பங்குனி முடிகிற சமயத்தில் ஒரு காலை, பரிபூரணம் தேநீர் டம்ளரோடு படியில் உட்கார்ந்தவள், டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து தரையைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்த கிளையின் நிழலில் இலை குறைந்திருந்தது. மறுநாள் இன்னும் குறைந்திருந்தது. அதற்கடுத்த வாரம் கிளை மொட்டையாகக் கிடந்தது, அதன்மேல் அவர் மட்டும் தலைத்துண்டு முனையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் இலை பொறுக்கியவளுக்கு அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டுமா? மரம் அந்தக் கிளையைக் கைவிட்டுவிட்டது. காற்றில்லாத ஒரு வேளையில் அது விழும், அவரோடு சேர்ந்து விழும், அந்த நிழல் மறுபடியும் அவள் கண்முன்னால் ஓடும்.

அவள் நேராக மரகதத்திடம் போனாள். "மறுபடியும் விழப் போறாருடி" என்றாள். அத்தனை வருசத்தில் அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தோம்.

சேதி பரவியதும் நடந்ததைச் சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, எங்கள் லயத்தைப் பற்றி நான் பெருமைப்பட்டுக்கொள்கிற விசயம் அது ஒன்றுதான். சண்டை, பேச்சு, வேலை, கூலி எல்லாம் அப்படியே நின்றது. போன தரம் பிடிக்க ஆள் இல்லை, இந்தத் தரமாவது பிடிக்க வேண்டும் என்று சொன்னது யார் என்று தெரியவில்லை, எல்லோரும் சொன்னோம். வீட்டில் இருந்த பாய், தலையணை, கம்பளி எல்லாம் வெளியே வந்தது. சூசையண்ணன் அந்தப் பருவத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த இலை மூட்டைகள் முழுவதையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து, பரிபூரணத்தின் வாசலில் அவர் நிழலைச் சுற்றி மெத்தைபோல அடுக்கச் சொன்னார்.

"இங்க வேணாம்ணே" என்றாள் பரிபூரணம்.

"ஆளு இங்கதானம்மா இருக்காரு?"

"அன்னைக்கும் இங்கனதான் இருந்தாரு. இங்கேருந்துதான் அங்க ஓடுனாரு."

மூட்டைகளை மறுபடி தூக்கி, மேட்டுக்குக் கொண்டுபோய், அடிக்கட்டையைச் சுற்றி அடுக்கினோம். அடுக்கி முடித்தபோது அது ஒரு பெரிய பறவைக் கூடுபோல இருந்தது. ஆளாளுக்கு அதைக் கையால் அழுத்திப் பார்த்தோம், இன்னும் ஒரு மூட்டை வை என்றோம். நிழலுக்கு எதற்கு மெத்தை என்று கேட்கிற அளவுக்குப் புத்திசாலி எங்களில் எவனும் இல்லை.

சித்திரை பிறந்து சில நாள் கழிந்த ஒரு காலை, இலை அசையாமல் காற்று செத்துக் கிடந்தது. பால் வண்டி வந்து போனது. மேலே இருக்கிறவர் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். பரிபூரணம் உலையை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்து அவரைப் பார்த்தாள். மொட்டைக் கிளையின் நிழல், மரத்தோடு சேர்கிற இடத்தில், நூல் அளவுக்குப் பிளந்திருந்தது. அவள் குளிக்கவும் இல்லை, தலை முடியவும் இல்லை, அப்படியே லயத்துப் பாதை நெடுக நடந்து மேட்டுக்குப் போனாள். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். மூட்டைகளுக்கு நடுவே புகுந்து, கட்டைக்குப் பக்கத்தில் நின்று, ஒன்றுமில்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"சோறு ஆறுதுங்க" என்றாள்.

வாசலில் இருந்த நாங்கள் பார்த்தோம், நிழல் தலையைத் தூக்கியது. ஆனால் இறங்கவில்லை. பசி இருக்கிறவனுக்குத்தானே சோறு.

"கிள ஒடையப் போகுதுங்க, வந்துருங்க" என்றாள். அதற்கும் இறங்கவில்லை. அவள் முந்தானையை இடுப்பில் இழுத்துச் சொருகினாள், இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தாள், அந்தச் சரிவு முழுக்கக் கேட்கும்படி, வாழ்நாளில் முதல் தடவையாகக் கூப்பிட்டாள்.

"பொன்னையா! எறங்கு!"

ஆமாம், பொன்னையா. அவர் பெயர் பொன்னையா. இனி நானும் சொல்லலாம்.

பொன்னையாவின் நிழல் எழுந்து நின்றது. கிளையைக் கையால் பிடித்துக்கொண்டு, காலால் தடவித் தடவி அடிமரத்துக்கு வந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. எங்களுக்கு அது பாதையில் நடப்பதுபோலத் தெரிந்தது, ஒரு கை, ஒரு கால், ஒரு கை, ஒரு கால் என்று, பரிபூரணத்தின் படிக்கட்டைவிட்டு, என் வீட்டு வாசலைத் தாண்டி, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, கோழிக் கூடுகளைத் தாண்டி, அவசரமே இல்லாமல் கிழக்கே போனது. அது கடந்துபோகும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள், பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், யாரும் அதை மிதித்துவிடக் கூடாது என்று மரகதம் கோழிகளை விரட்டினாள். அவர் பாதி வழி போயிருப்பார், பின்னால் படிக்கட்டில் கிளையின் நிழல் முறிந்து கிளம்பி, அவரை உரசாமல் தாண்டி ஓடி, மூட்டைகளில் போய் விழுந்து காணாமல் போனது. சூசையண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

பொன்னையா அடிமரத்துக்கு வந்து சேர்ந்தார், அவர் பின்னாலேயே நாங்களும் மேட்டுக்கு வந்து நின்றோம். கால் தரையில் பட்டதும் இடுப்புக் கயிற்றை அவிழ்ப்பது தெரிந்தது. பரிபூரணம் இரண்டு கையையும் ஏந்தி நின்றாள். உள்ளங்கைகளில் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு விழுந்தது, அவள் விரலை மடக்கிக்கொண்டாள். அப்போது லயத்தின்மேல் கிடந்த அந்தப் பெரிய நிழல் பாயைச் சுருட்டுவதுபோல மேற்கேயிருந்து சுருண்டு, கொட்டகை முற்றத்தைவிட்டு, கூரைகளைவிட்டு, மேட்டில் ஏறி அடிக்கட்டைக்குள் போய்விட்டது. முற்றத்தில் வெயில் விழுந்தது. எங்கள் கண்கள் கூசின.

மரம் போனது, ஆனால் ஆள் உடனே போகவில்லை. கட்டையடியில் இரண்டு நிழல் பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருந்தன, ஒன்று பரிபூரணத்தினுடையது, இன்னொன்று தலைத்துண்டு முனை தூக்கிக்கொண்டு. அவள் நகரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. வெயில் ஏற ஏற இரண்டும் சேர்ந்து குறுகின. அவள் மடக்கிய விரலைத் திறக்காமலேயே கையை நீட்டி, நிழல்மேல் நிழல் படும்படி, அந்தத் துண்டு முனையை மடித்துச் சொருகிவிட்டாள். சித்திரை மாதத்து உச்சிவெயில் எங்கள் மலையில் நேராகத் தலைக்குமேல் வந்து நிற்கும், யார் நிழலும் வெளியே தெரியாமல் காலடிக்குள் புகுந்துகொள்ளும். இரண்டும் அப்படிப் புகுந்தன.

பொழுது சாய்ந்து நிழல் மறுபக்கம் நீளத் தொடங்கியபோது ஒன்றுதான் வந்தது. அவள் அதைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு மூட்டைகளை முழங்கையால் விலக்கிக்கொண்டு வெளியே வந்து, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், "சோறு ஆறிப்போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, மூடிய கைகளைத் திறக்காமலேயே வீட்டுக்கு நடந்தாள்.